ஒரு பவுன் உப்பு

மாலிப்டினம் என்ற பெயரை வேதியியல் படித்தவர்கள் ஒருமுறையாவது கேட்டிருப்பார்கள். உப்புப் பகுப்பாய்வில் பாஸ்பேட் இருக்கிறதா என்று பார்க்க, நைட்ரிக் அமிலத்தோடு அம்மோனியம் மாலிப்டேட் கரைசலைச் சேர்த்துச் சூடாக்குவார்கள். மஞ்சள் நிறத்தில் வீழ்படிவு வந்தால் பாஸ்பேட் இருக்கிறது என்று எழுதி மார்க் வாங்கிக்கொள்ளலாம். காமர்ஸ் குரூப் எடுத்தவர்களுக்கு அந்த பாக்கியமும் கிடையாது :)

ஆனால் இந்த உப்பைப் பற்றி உண்மையில் தெரிந்துகொள்ள வேண்டியவர்கள் புதுக்கோட்டை மாவட்டத்தில் உளுந்தும் கடலையும் விதைக்கிற விவசாயிகள். ஒரு ஏக்கர் உளுந்துக்குத் தேவைப்படும் அளவு வெறும் எட்டு கிராம். அதாவது ஒரு பவுன் எடை! அந்த ஒரு பவுன் இல்லாமல் போனால் பயிர் வாடலாம். அளவு தெரியாமல் திரும்பத் திரும்பக் கொட்டினால், அந்தப் பயிரின் கொடியைத் தின்கிற மாடு நோயில் விழலாம். இப்படிப்பட்ட ஒரு பொருளை அரசின் மண் பரிசோதனையும் கண்டுகொள்வதில்லை, உர வியாபாரமும் சரியாகக் கையாள்வதில்லை. இது மாற வேண்டும்.

ஏன் என்று பார்ப்போம்.

என்ன உப்பு இது?

மாலிப்டினம் ஓர் உலோகம். கிரேக்க மொழியில் ஈயத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்த பெயர். இதன் தாது பார்ப்பதற்கு ஈயம் போலவும் பென்சில் கரி போலவும் இருந்ததால் வந்த குழப்பம் அது. 1778ல் சுவீடனைச் சேர்ந்த ஷீலே இது வேறு பொருள் என்று காட்டினார். 1781ல் யெல்ம் உலோகத்தைப் பிரித்தெடுத்தார். இன்று உலகில் எடுக்கப்படும் மாலிப்டினத்தில் பெரும்பகுதி எஃகு தயாரிக்கப் போகிறது. இந்தியா தனக்கு வேண்டியதை இறக்குமதி செய்கிறது. நம் தமிழ்நாட்டிலேயே தருமபுரி மாவட்டம் அரூர் பக்கத்தில் இதன் தாது இருப்பது கண்டறியப்பட்டிருக்கிறது. 2023ல் மத்திய சுரங்கத் துறை வெளியிட்ட 30 முக்கியக் கனிமங்களின் பட்டியலிலும் மாலிப்டினம் உண்டு.

விவசாயத்தில் பயன்படுபவை இதன் இரண்டு உப்புகள். ஒன்று சோடியம் மாலிப்டேட், மற்றொன்று அம்மோனியம் மாலிப்டேட். இரண்டும் வெள்ளைப் படிகங்கள். சோடியம் மாலிப்டேட் தண்ணீரில் மிக எளிதாகக் கரையும். அறை வெப்பத்திலேயே 100 மில்லி தண்ணீரில் 60 கிராமுக்கு மேல் கரைந்துவிடும். சூடாக்கினால் முதலில் படிகத்தில் இருக்கும் நீர் வெளியேறும். மிஞ்சியது 687 டிகிரி செல்சியசில்தான் உருகும். தீப்பிடிக்காது. சோடியம் மாலிப்டேட்டில் சுமார் 39 சதவீதமும், அம்மோனியம் மாலிப்டேட்டில் சுமார் 54 சதவீதமும் மாலிப்டினம் இருக்கிறது. 1985ம் வருட உரக் கட்டுப்பாட்டு ஆணைப்படி உரமாக விற்கப்படும் அம்மோனியம் மாலிப்டேட்டில் குறைந்தது 52 சதவீதம் மாலிப்டினம் இருக்க வேண்டும்.

விவசாயத்துக்கு வெளியிலும் வேலை உண்டு. ஆலைகளிலும் பெரிய ஏசி அமைப்புகளிலும் சுற்றி வரும் தண்ணீரில் இரும்புக் குழாய் துருப்பிடிக்காமல் இருக்க சோடியம் மாலிப்டேட் சேர்க்கிறார்கள். முன்பு இந்த வேலைக்குக் குரோமேட் உப்புகளைத்தான் அதிகம் பயன்படுத்தினார்கள். குரோமேட் என்ன செய்யும் என்பதை ராணிப்பேட்டைக்காரர்களிடம் கேட்டால் தெரியும். மூடப்பட்ட ஆலை விட்டுப்போன குரோமியக் கழிவு அங்கே மலையாகக் குவிந்து நிலத்தடி நீரைக் கெடுத்த கதை ஊரறிந்தது. அதோடு ஒப்பிட்டால் மாலிப்டேட் சாது.

உளுந்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

உளுந்து, பாசிப்பயறு, துவரை, நிலக்கடலை ஆகிய எல்லாமே பயறு வகைக் குடும்பம். இவற்றின் வேர் முடிச்சுகளில் ரைசோபியம் என்ற பாக்டீரியா குடியிருக்கிறது. காற்றில் இருக்கும் நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்குத் தழைச்சத்தாகக் கொடுப்பது அதன் வேலை. செடி அதற்குக் கூலியாகச் சர்க்கரை கொடுக்கிறது. அருமையான பண்டமாற்று!

இந்தத் தொழிற்சாலையின் இயந்திரம் நைட்ரஜனேஸ் என்ற நொதி. அதன் மையத்தில் ஏழு இரும்பு அணுக்களோடு ஒரே ஒரு மாலிப்டினம் அணு உட்கார்ந்திருக்கிறது. அந்த ஒன்று இல்லாவிட்டால் இயந்திரம் ஓடாது. பயறு போட்டால் நிலத்துக்குத் தழைச்சத்து சேரும் என்று பெரியவர்கள் சொல்வதன் பின்னணியில் இருப்பது இந்த அணுதான்.

இதை நிலத்தில் நிரூபித்துக் காட்டியவர் ஆஸ்திரேலியாவின் ஏ.ஜே.ஆண்டர்சன். 1942ல் தெற்கு ஆஸ்திரேலியாவில், இரும்பு மிகுந்த அமில மண்ணில், சரியாக வளராமல் கிடந்த ஒருவகைப் பயறு இனத் தீவனப் பயிருக்கு மிகச் சிறிய அளவு மாலிப்டினம் கொடுத்துப் பார்த்தார். பயிர் செழித்தது. அதன் பிறகு ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் ஏராளமான மேய்ச்சல் நிலங்கள் இதே வழியில் சீரமைக்கப்பட்டன.

இரும்பு மிகுந்த அமில மண் என்றதும் புதுக்கோட்டைக்காரர்களுக்கு மணி அடித்திருக்க வேண்டும்.

நம்ம மண்

கந்தர்வகோட்டை, ஆலங்குடி, கறம்பக்குடி பக்கம் போனால் கண்ணுக்கு எட்டிய தூரம் செம்மண். கொஞ்சம் தோண்டினால் செம்பூராங்கல். இந்த நிறம் இரும்பு ஆக்சைடு தரும் நிறம். மண்ணில் மாலிப்டினம் இல்லாமல் இல்லை. பொதுவாக ஒரு கிலோ மண்ணில் ஒன்றிரண்டு மில்லிகிராம் இருக்கும். ஒரு ஏக்கரின் மேல்மண் சுமார் ஒன்பது லட்சம் கிலோ என்று வைத்துக்கொண்டால், ஏற்கெனவே ஒரு கிலோவுக்கு மேல் மாலிப்டினம் நிலத்தில் கிடக்கிறது! பிறகு எதற்கு எட்டு கிராம் உப்பு?

பிரச்சினை இருப்பில் இல்லை, கைக்கு வருவதில்தான் இருக்கிறது. அமில மண்ணில் இரும்பு ஆக்சைடு மாலிப்டேட்டைக் கெட்டியாகப் பிடித்து வைத்துக்கொள்கிறது. வங்கியில் பணம் இருந்தும் கணக்கை முடக்கி வைத்தது போல. மண்ணின் அமிலத்தன்மை குறையக் குறைய இந்தப் பிடி தளரும். துத்தநாகம், இரும்பு, மாங்கனீஸ் போன்ற மற்ற நுண்ணூட்டங்களுக்கு நேர் எதிரான குணம் இது. அவை அமிலம் குறைந்தால் செடிக்குக் கிடைப்பது குறையும். மாலிப்டினமோ அமிலம் குறைந்தால்தான் வெளியே வரும்.

இதிலிருந்து இரண்டு விஷயம் புரியும். ஒன்று, அமில நிலத்தில் பல சமயம் சுண்ணாம்பு இட்டாலே போதும், உப்பை விலை கொடுத்து வாங்கவே வேண்டாம். இரண்டு, களர் நிலத்தில் இந்த உப்பைப் போடுவது பெரும்பாலும் வீண்செலவு. ஆக, ஒரே மாவட்டத்துக்குள்ளேயே எல்லோருக்கும் ஒரே சிபாரிசு செல்லாது.

பயறு ஆராய்ச்சிக்கு வெளியூர் போக வேண்டிய அவசியமும் இல்லை. ஆலங்குடி பக்கத்தில் வம்பனில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தேசிய பயறுவகை ஆராய்ச்சி மையம் இருக்கிறது. வம்பன் 8, வம்பன் 10, வம்பன் 11 என்று தமிழ்நாடு முழுக்க விதைக்கப்படும் உளுந்து ரகங்கள் அந்த ஊர்ப் பெயரைச் சுமந்துகொண்டுதான் போகின்றன.

எட்டு கிராம் கணக்கு

ஏக்கருக்கு உளுந்து விதை 8 கிலோ. ஒரு கிலோ விதைக்கு ஒரு கிராம் அம்மோனியம் மாலிப்டேட் என்பது விதை நேர்த்தியில் வழக்கமான அளவு. மொத்தம் 8 கிராம். உப்பின் விலை கிலோ 4000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால்கூட, ஏக்கருக்கு ஆகும் செலவு 32 ரூபாய். மானியம் போக விவசாயி கொடுக்கும் விலையில் 45 கிலோ யூரியா மூட்டை 266 ரூபாய் 50 காசு. செடியே தன் தழைச்சத்தைத் தயாரித்துக்கொள்ள உதவுகிற பொருளுக்கு அதில் எட்டில் ஒரு பங்கு செலவு!

ஒரு எச்சரிக்கை. விதையோடு ரைசோபியம் கலப்பவர்கள் சோடியம் மாலிப்டேட்டை அதோடு சேர்க்கக் கூடாது, அது பாக்டீரியாவைக் கொன்றுவிடும், அம்மோனியம் மாலிப்டேட்தான் ஏற்றது என்று ஆஸ்திரேலியாவில் விவசாயிகளுக்கு அறிவுரை சொல்லப்படுகிறது. இரண்டும் வெள்ளையாகத்தான் இருக்கும். லேபிளைப் படிக்காமல் வாங்கினால், உதவிக்கு அழைத்த ஆளே வேலைக்காரனை அடித்துத் துரத்திய கதையாகிவிடும்.

அதிகமானால்?

முதலில் மனிதர்களைப் பார்ப்போம். மாலிப்டினம் நம் உடம்புக்கும் தேவை. அமெரிக்க மருத்துவக் கழகம் 2001ல் நிர்ணயித்தபடி, பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 45 மைக்ரோகிராம் போதும். 2 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. சாம்பாரும் இட்லியும் சாப்பிடுகிறவர்களுக்குத் தேவையான அளவு தானாகவே கிடைத்துவிடும், பயறில் இது அதிகம். இந்தியத் தர நிர்ணய அமைப்பின் 2012ம் வருட விதிப்படி குடிநீரில் லிட்டருக்கு 0.07 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. சோடியம் மாலிப்டேட் சயனைடு மாதிரி உடனே ஆளைக் கொல்லும் விஷம் இல்லை. எலிகளில் செய்த சோதனைகளில் அதன் உடனடி நச்சுத்தன்மை ஏறக்குறைய சமையல் உப்பின் அளவில்தான் இருந்தது. தூள் கண்ணிலும் மூக்கிலும் பட்டால் எரிச்சல் தரும். பார்க்க உப்பு மாதிரியே இருப்பதால் அடுப்படிப் பக்கம் வைக்கவே கூடாது.

உண்மையான ஆபத்து மெதுவாக வருவது. அது முதலில் தாக்குவது ஆடு மாடுகளை.

இங்கிலாந்தில் சாமர்செட் என்ற பகுதியில் சில புல்வெளிகளில் மேய்ந்த மாடுகளுக்கு மட்டும் காலங்காலமாகக் கழிச்சல் வந்துகொண்டிருந்தது. 1938ல்தான் காரணம் தெரிந்தது: அந்தப் புல்லில் மாலிப்டினம் மிக அதிகம். மாட்டின் முதல் வயிற்றில் மாலிப்டினமும் கந்தகமும் சேர்ந்து தயோமாலிப்டேட் என்ற பொருள் உருவாகிறது. அது தீவனத்தில் இருக்கும் தாமிரத்தைப் பிடித்துக் கட்டிவிடுகிறது. மாடு தின்கிறது, ஆனால் தாமிரம் உடம்பில் சேர்வதில்லை. கழிச்சல், எடை குறைவு, பால் குறைவு, சினை பிடிக்காமை, கறுப்பு முடி வெளிறிப்போவது எல்லாம் வரிசையாக வரும். வைத்தியம் எளிது: சிறிய அளவில் மயில்துத்தம், அதாவது காப்பர் சல்பேட். ஆனால் நோய் என்னவென்று தெரிந்தால்தானே வைத்தியம்! கழிச்சலுக்கு ஆயிரம் காரணம் இருக்கும்போது தாமிரக் குறைவு என்று யாருக்குச் சட்டென்று தோன்றும்?

இதில் கொடுமை என்னவென்றால், செடி முன்கூட்டியே காட்டிக்கொடுக்காது. பொதுவாகச் செடிக்குத் தேவையான அளவு, உலர்ந்த ஒரு கிலோவில் ஒரு மில்லிகிராமுக்கும் கீழே. பத்து மில்லிகிராமைத் தாண்டினாலே அந்தத் தீவனம் மாட்டுக்கு ஆபத்து. செடியோ அதைவிடப் பல மடங்கு ஏறினாலும் பச்சைப்பசேல் என்று நிற்கும். யூரியா அதிகமானால் இலை கருகுவது கண்ணுக்குத் தெரியும், இது தெரியாது. கடலைக் கொடியும் உளுந்துப் பொட்டும் மாட்டுத் தீவனமாகிற ஊர்களில், ஜல்லிக்கட்டுக் காளைகளைப் பிள்ளை மாதிரி வளர்க்கிற மாவட்டத்தில், இதை யாரும் சொல்லித் தராமல் இருப்பது சரியா?

மனிதர்கள் விஷயத்தில் இந்தியாவிலேயே ஒரு பாடம் இருக்கிறது. நாகார்ஜுனசாகர் அணை வந்த பிறகு நல்கொண்டா பகுதியில் சிறுவர்களுக்கும் இளைஞர்களுக்கும் முழங்கால்கள் உட்பக்கம் வளைந்து முட்டிக்கொள்ளும் நோய் காணப்பட்டது. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் கிருஷ்ணமாச்சாரியும் கமலா கிருஷ்ணசுவாமியும் 1973ல் இதை வெளியிட்டார்கள். தண்ணீரில் இருந்த புளோரைடுதான் முதல் குற்றவாளி. ஆனால் அதே புளோரைடு உள்ள மற்ற ஊர்களில் இந்தக் கால் வளைவு இல்லையே என்று தேடியபோது, அங்கே விளைந்த சோளத்தில் மாலிப்டினம் கூடுதலாக இருப்பது தெரிந்தது. 1974ல் அதே நிறுவனத்தின் தேவஸ்தலேயும் சேலத்தில் பிறந்த சி.கோபாலனும், மாலிப்டினம் அதிகமுள்ள சோளத்தை உண்டவர்களின் சிறுநீரில் தாமிரம் கூடுதலாக வெளியேறுவதைக் காட்டினார்கள். அங்கே யாரும் இந்த உப்பை வயலில் கொட்டவில்லை. மண்ணில் இருந்ததே நீர்மட்டம் உயர்ந்ததும் பயிரில் ஏறியது என்பதுதான் அன்று வைக்கப்பட்ட விளக்கம். ஆகவே எட்டு கிராம் போட்டால் கால் வளையும் என்று யாரும் பயப்பட வேண்டாம். மண்ணில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் இருப்பதுதான் பயப்பட வேண்டிய விஷயம்.

பதிமூன்றாவது கட்டம்

2015 பிப்ரவரியில் மண்வள அட்டைத் திட்டம் தொடங்கியது. அட்டையில் 12 அளவுகள்: தழை, மணி, சாம்பல், கந்தகம், துத்தநாகம், இரும்பு, தாமிரம், மாங்கனீஸ், போரான், கார அமில நிலை, உப்பின் நிலை, கரிமச் சத்து. மாலிப்டினம் கிடையாது!

வேடிக்கை என்னவென்றால், மணிச்சத்தை அளக்கும்போது ஆய்வகத்தில் சேர்ப்பதே அம்மோனியம் மாலிப்டேட்தான். கரைசல் எவ்வளவு நீலமாகிறது என்று பார்த்து மணிச்சத்தைச் சொல்கிறார்கள். அளக்கும் கோலாக மாலிப்டினம் இருக்கிறது, அளக்கப்படும் பொருளாக இல்லை.

இதற்குப் பதில் சொல்பவர்கள் இப்படிச் சொல்லலாம்: மிக நுண்ணிய அளவு, அளப்பதற்குக் கருவி வேண்டும், லட்சக்கணக்கான அட்டைகளுக்குச் செலவு கட்டுப்படியாகாது. நியாயமான வாதம்தான். ஆனால் ஒவ்வொரு வயலையும் அளக்க வேண்டியதில்லையே? அமில மண் உள்ள ஒன்றியங்களில் கிராமத்துக்குச் சில மாதிரிகள் எடுத்தால் போதும். கார அமில நிலை ஏற்கெனவே அட்டையில் இருக்கிறது. அது குறைவாக இருந்து, பயிர் பயறாகவும் இருந்தால், "சுண்ணாம்பு இடவும், மாலிப்டினம் விதை நேர்த்தி செய்து பார்க்கவும்" என்று ஒரு வரி அச்சிட என்ன செலவு?

விற்க ஆளில்லாத சரக்கு

இங்கேதான் வணிகவியல் வருகிறது. 32 ரூபாய்க்கு எட்டு கிராம் விற்று எந்தக் கடைக்காரருக்கு என்ன லாபம்? பொட்டலம் போடும் கூலிக்கே காணாது. அதனால் இது தனியாக விற்பனைக்கு வருவது அபூர்வம். வந்தால் பத்தோடு பதினொன்றாக நுண்ணூட்டக் கலவைகளுக்குள் வரும். பாட்டில் பெரிதாக இருந்தால்தான் விலை வைக்கலாம். விலை வைத்தால்தான் கமிஷன். விவசாயிக்கும் 'அஞ்சு சத்து இருக்கு, ஆறு சத்து இருக்கு' என்று கேட்கும்போது ஒரு திருப்தி. அதில் தன் நிலத்துக்கு எது தேவை, எது ஏற்கெனவே இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

பொருளாதாரப் பாடத்தில் குறைந்து செல் விளைவு விதி என்று ஒன்று உண்டு. முதல் அலகு உரம் தரும் பலனை அடுத்தடுத்த அலகுகள் தராது. மாலிப்டினத்தில் அந்த வளைகோடு முதல் எட்டு கிராமிலேயே மேலே போய்த் தட்டையாகிவிடுகிறது. அதற்குப் பிறகு ஏறுவது செலவும் மாட்டின் ஆபத்தும்தான். அந்த ஆபத்தை விலையில் யாரும் சேர்ப்பதில்லை. சந்தை தானாகச் சரிசெய்யாத இடம் என்று பாடப்புத்தகம் சொல்வது இதைத்தான்.

நாட்டளவில் பார்த்தாலும் விஷயம் சின்னதில்லை. 2024-25ல் இந்தியா 70 லட்சம் டன்னுக்கும் மேல் பருப்பு வகைகளை இறக்குமதி செய்தது. உளுந்து பெரும்பாலும் மியான்மரிலிருந்து வருகிறது. இதற்காகக் கொட்டும் அந்நியச் செலாவணியோடு ஒப்பிட்டால், நம் செம்மண் காடுகளில் ஒரு பவுன் உப்பு எங்கே வேலை செய்யும் என்று கண்டுபிடிக்க ஆகும் செலவு ஒன்றுமே இல்லை.

என்ன செய்யலாம்?

தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கங்களில் ஏக்கருக்கு ஒன்று என்ற அளவில் எட்டு கிராம் பாக்கெட் கொடுக்கலாம். உப்பென்று நினைத்து யாரும் எடுத்துவிடாதபடி சாயம் கலந்து கொடுக்கலாம். லாபம் வராத சரக்கைக் கொடுப்பதற்குத்தானே கூட்டுறவு? நுண்ணூட்டக் கலவை பாட்டில்களில் ஏக்கருக்கு எத்தனை கிராம் மாலிப்டினம் நிலத்தில் விழும் என்று தமிழில் அச்சிடச் செய்யலாம். "மீண்டும் மீண்டும் பயன்படுத்தினால் தீவனத்தைக் கவனிக்கவும்" என்று ஒரு வரி சேர்க்கலாம். கால்நடை மருந்தகங்களுக்கும் இந்தத் தகவல் போக வேண்டும்.

அதுவரை விவசாயி காத்திருக்க வேண்டியதில்லை. வயலில் நாலு வரிசைக்கு மட்டும் நேர்த்தி செய்த விதையைப் போட்டு, முப்பது முப்பத்தைந்து நாளில் இரண்டு பக்கமும் செடியைப் பக்குவமாகத் தோண்டி எடுத்து வேர் முடிச்சை நகத்தால் கிள்ளிப் பார்க்கலாம். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் பாக்டீரியா வேலை செய்கிறது. வெளுப்பாகவோ பச்சையாகவோ இருந்தால் வேலை நடக்கவில்லை. இரண்டு பக்கமும் சிவப்பாகவே இருந்தால் அந்த நிலத்துக்கு இந்த உப்பு தேவையில்லை, 32 ரூபாய் மிச்சம். உப்பு போட்ட பக்கம் மட்டும் சிவந்திருந்தால் அடுத்த பட்டத்துக்கு முழு வயலுக்கும் போடலாம்.

ஏக்கருக்கு எட்டு கிராம், பட்டத்துக்கு ஒருமுறை, தேவை இருக்கும் நிலத்தில் மட்டும். பவுனை எடை போடுகிற அதே கறார் இந்த உப்புக்கும் வேண்டும்.